படுக்கையறைக்குள் வெளிச்சம் வந்த வரலாறு



அன்பின் ஊர் உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளை வளர்க்கும் வீடுகளுக்குத் தேவையான விடயம் என்பதால் பொறுமையாக வாசிப்பீர்கள் என்று நம்புகிறோம்.

காலை 7.30 மணிக்குப் பாடசாலை தொடங்குகிறது. முதலாம் பாடவேளை முடிவதற்குள் வகுப்பில் நாலைந்து தலைகள் மேசையில் சாய்ந்துவிடுகின்றன. காரணம் கேட்டால் "நுளம்பு சேர்", "வெக்கை சேர்" என்று பதில் வரும். இரவு எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று கேட்டால் மட்டும் பதில் வராது. பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னால், "எல்லாம் இந்தப் போன் வந்து கெடுத்தது" என்பார்கள் தாய்மார். "எங்கட காலத்தில இஷா தொழுதா ஊரே அடங்கிடும்" என்பார்கள் மூத்தவர்கள்.

இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. இரவில் கண்விழிக்க வைக்கும் பொருட்கள் நமது வீடுகளுக்குள் வந்து நூறு வருடங்கள் ஆகின்றன. விளக்கு வந்தது, வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது. அவற்றோடு வாழ்ந்தும் நமது வாப்பாமாரும் உம்மாமாரும் காலையில் எழும்பித் தொழுதார்கள், வயலுக்கும் கடலுக்கும் கடைக்கும் போனார்கள். அப்படியானால் இப்போது மாறியது எது? அதைத்தான் இந்தப் பதிவில் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கப் போகிறோம்.

அணைப்பதற்கென்றே இருந்த விளக்கு

இரவு விளக்கைப் பற்றி நமது மார்க்கத்தில் தெளிவான வழிகாட்டல் இருக்கிறது. உறங்கப் போகும்போது விளக்குகளை அணைத்துவிடுமாறும், கதவைச் சாத்துமாறும், உணவையும் பானத்தையும் மூடி வைக்குமாறும் நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. எலி திரியை இழுத்துச் சென்று வீட்டைக் கொளுத்திவிடலாம் என்ற காரணமும் அறிவிப்புகளில் வருகிறது. மதீனாவில் ஒரு வீடு இரவில் ஆட்களோடு எரிந்துபோன சம்பவத்தின் பின்னணியிலும் இதே அறிவுரை சொல்லப்பட்டது. அங்கே பேசப்பட்ட ஆபத்து தீ. ஆனால் அதிலிருந்து ஒரு பழக்கம் பிறந்தது. படுக்கைக்குப் போவது என்றால் முதலில் விளக்கை அணைப்பது என்ற பழக்கம்.

இன்னொரு வழிகாட்டலும் உண்டு. இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபியவர்கள் விரும்பவில்லை. அதே நேரம் கல்விக்காகவும் குடும்பத்துக்காகவும் விருந்தினருக்காகவும் இஷாவுக்குப் பின் பேசலாம் என்பதற்கும் ஹதீஸ் நூல்களில் தனித் தலைப்புகளே இருக்கின்றன. ஆக, இரவு விழிப்பு முழுவதும் தடுக்கப்படவில்லை. எதற்காக விழித்திருக்கிறோம் என்ற கேள்வி கேட்கப்பட்டது. பிற்காலத்தில் இப்னு சீனா தமது மருத்துவ நூலில் உடல்நலத்தைத் தீர்மானிக்கும் ஆறு அவசியக் காரணிகளைச் சொன்னபோது, காற்று, உணவு ஆகியவற்றோடு உறக்கத்தையும் விழிப்பையும் ஒன்றாக எண்ணினார்.

நமது ஊர்களில் மண்ணெண்ணெய் வந்த பிறகு குப்பி லாம்பும் அரிக்கன் லாம்பும் வந்தன. கலியாண வீட்டுக்கும் மௌலிதுக்கும் பெற்றோல்மக்ஸ். இந்த விளக்குகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குணம் இருந்தது. எரிய எரிய எண்ணெய் குறையும். எண்ணெய் காசு. அதனால் தேவைக்கு மேல் ஒரு விளக்கும் எரியாது. ஒரு லாம்பைச் சுற்றி நாலு பிள்ளைகள் இருந்து பாடம் படிப்பார்கள். படித்து முடிந்ததும் உம்மா வந்து திரியை இறக்குவார். அதற்குப் பிறகு விழித்திருந்து செய்ய எதுவும் இல்லை.

இதை வைத்து அந்தக் காலத்து மக்கள் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள் என்று முடிவு கட்டக் கூடாது. நுளம்பு இருந்தது, வெக்கை இருந்தது, ஓலைக்கூரை ஒழுகியது. நமது பகுதிகளில் யுத்தகாலத்தில் நாய் குரைத்தாலே வீடு முழுவதும் எழும்பி உட்கார்ந்த இரவுகளும் இருந்தன. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரொஜர் எகிர்ச், தொழிற்புரட்சிக்கு முந்திய ஐரோப்பாவில் பலர் இரவை இரண்டு தூக்கமாகப் பிரித்துத் தூங்கியதைப் பழைய ஆவணங்களிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கிறார். முதல் தூக்கம் முடிந்து எழும்பி, தொழுது, பேசி, வேலை செய்து, மறுபடி படுப்பார்களாம். தஹஜ்ஜுத்துக்கு எழும்பும் நமது பெரியவர்களுக்கு இது புதினமாக இராது. அதேபோல மின்சாரம் இல்லாமல் வாழும் மூன்று சமூகங்களை ஆபிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களும் சூரியன் மறைந்து சராசரியாக மூன்று மணித்தியாலத்துக்கும் மேல் கழித்தே தூங்குவது தெரியவந்தது. இருட்டியதும் தூங்கிய மனிதன் என்பது பெரும்பாலும் நமது கற்பனை. ஆனால் அந்த மக்களின் இரவுக்கு ஒரு முடிவு இருந்தது. நெருப்பு தணியும், பேச்சு ஓயும், எல்லோரும் படுப்பார்கள்.

கரண்ட் வந்தது

எடிசனும் இங்கிலாந்தில் ஜோசப் சுவானும் மின்குமிழை நடைமுறைக்குக் கொண்டுவந்தது 1879ஐ ஒட்டிய காலத்தில். இலங்கைக்கு அது வர அதிக காலம் எடுக்கவில்லை. 1895இல் கொழும்புக் கோட்டையில் பூஸ்டட் சகோதரர்கள் நிறுவனம் சிறிய அளவில் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. ஆனால் அது கோட்டைக்கு வந்த வெளிச்சம், ஊருக்கு வந்த வெளிச்சம் இல்லை. மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர 1918இலேயே ஆய்வுக் கட்டுரை எழுதினார். லக்ஷபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். இலங்கை மின்சார சபை அமைந்தது 1969இல். 1980களின் தொடக்கத்திலும் நாட்டின் பெரும்பாலான வீடுகளில் மின்சாரம் இல்லை. நமது மாகாணத்தில் யுத்தம் அதை இன்னும் பின்தள்ளியது. இந்தப் பதிவை வாசிக்கும் நாற்பது வயதுக்காரர் பலருக்குத் தமது வீதிக்குக் கம்பம் நட்ட நாள் ஞாபகம் இருக்கும்.

கரண்ட் வந்ததும் விளக்குக்கும் எண்ணெய்க்கும் இருந்த தொடர்பு அறுந்தது. இனிமேல் வெளிச்சம் குறைவதை நாம் கண்ணால் காண்பதில்லை, மாதம் ஒரு முறை பில்லில்தான் காண்கிறோம். இது சிறிய மாற்றமாகத் தெரிந்தாலும், இரவின் முடிவை நிர்ணயித்த முதலாவது காவல்காரன் அன்று வேலையை விட்டுப் போனான்.

வானொலிக்கும் ஓய்வு இருந்தது

இலங்கையில் வானொலி ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு டிசம்பரில் முறையாகத் தொடங்கியது. எட்வர்ட் ஹார்ப்பர் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் அதற்கு வித்திட்டவர். அது பிறகு ரேடியோ சிலோனாகி, 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமானது. அதன் முஸ்லிம் சேவையைக் கேட்டு வளராத வீடு நமது ஊர்களில் இல்லை. நோன்பு காலத்து ஸஹர் நேர நிகழ்ச்சிகளும் பெருநாள் தலைப்பிறை அறிவிப்பும் நமது சமூகத்தின் இரவு ஞாபகங்களில் கலந்தவை. அதற்கும் முந்திய காலத்தில் றபான் அடித்துக்கொண்டு பக்கீர் பாவாக்கள் வீதி வீதியாக வந்து ஸஹருக்கு எழுப்பிய வேலையை வானொலி ஓரளவு ஏற்றுக்கொண்டது என்றும் சொல்லலாம்.

முதலில் வந்த வானொலிகள் பெரிய மரப்பெட்டிகள். ஹோலில் மேசைமேல் துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள். 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ட்ரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டு, 1954இல் கையடக்க ட்ரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்த பிறகுதான் வானொலி மேசையை விட்டு இறங்கியது. கரண்ட் இல்லாத வீட்டுக்கும் பெற்றரியோடு போனது. தலையணைக்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய முதலாவது மின்னணுப் பொருள் அதுதான்.

ஆனாலும் அது தூக்கத்தைக் கெடுத்ததாக யாரும் பெரிதாகக் குறைப்பட்டதில்லை. ஏன்? ஒன்று, பெற்றரி. எரிந்துபோன பெற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு நாள் பாவிக்கப் பார்த்த வீடுகளில் யாரும் விடியும்வரை வானொலியை ஓடவிட மாட்டார்கள். மற்றது, நிகழ்ச்சிக்கு நேரம் இருந்தது. யுத்தகாலத்தில் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு பிபிசி தமிழோசைக்காக முற்றத்தில் அயலவர் கூடியதை நமது தலைமுறை பிள்ளைகளாக இருந்து பார்த்திருக்கிறது. செய்தி அரை மணித்தியாலத்தில் முடியும். முடிந்ததும் "இனி நாளைக்குத்தான்" என்று எழும்பிப் போவார்கள். பயங்கரமான செய்தியாக இருந்தாலும் அடுத்த செய்திக்கு அடுத்த இரவுவரை காத்திருக்க வேண்டும்.

டீவியும் டெக்கும்

1979 ஏப்ரலில் ஐ.ரி.என். தொலைக்காட்சி கொழும்பை அண்டிய பகுதிக்கு ஆரம்பமானது. ஜப்பானின் உதவியோடு அமைந்த ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் வந்து நாடு முழுவதும் பரவியது. ஆரம்பத்தில் மாலையில் தொடங்கும் ஒளிபரப்பு இரவில் முடிந்துவிடும். முடிந்த பிறகு திரையில் வெறும் புள்ளிகள்தான். கரண்ட் இல்லாத கிராமங்களில் கார் பெற்றரியில் டீவி ஓடியது. பெற்றரியைத் தூக்கிக்கொண்டு சார்ஜ் பண்ணக் கடைக்குப் போக வேண்டியிருந்ததால் அங்கும் அளவு இருந்தது.

1970களின் பிற்பகுதியிலிருந்து நமது ஊர்களிலிருந்து மத்திய கிழக்குக்கு ஆட்கள் போனார்கள். அவர்கள் திரும்பி வரும்போது ஜப்பான் கசெட் ரெக்கோர்டர், டீவி, டெக் எல்லாம் வந்தன. டெக்கை வாடகைக்கு எடுத்து இரவிரவாகப் படம் பார்த்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. அன்றும் பள்ளிவாசல் மிம்பரில் அதைக் கண்டித்துப் பேசினார்கள். அன்றும் பிள்ளைகள் மறுநாள் வகுப்பில் தூங்கினார்கள். ஆனால் அது எப்போதாவது நடக்கும் விசேடம். நடந்த இடமும் ஹோல். வாப்பா ஒருவர் எழும்பி வந்து "போதும், நிப்பாட்டு" என்றால் முடிந்தது.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். லாம்பு, வானொலி, டீவி மூன்றும் முதலில் வீட்டின் பொது இடத்தில்தான் குடியிருந்தன. மூன்றுக்கும் வெளியிலிருந்து ஒரு முடிவு வந்தது. எண்ணெய் முடிந்தது, பெற்றரி இறங்கியது, நிலையம் மூடியது, அல்லது பெரியவர் ஒருவர் எழும்பி வந்தார். தூங்கும் முடிவை அந்தப் பிள்ளை தனியாக எடுக்க வேண்டியிருக்கவில்லை.

போன் எப்படிப் பாய்க்கு வந்தது

இலங்கையில் கைத்தொலைபேசிச் சேவை 1989இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் அது நீண்டகாலம் பணக்காரர் கையில் இருந்த கனமான பொருள். 2000களில்தான் சாதாரண மக்களின் சட்டைப்பைக்கு வந்தது. 2006இல் இங்கே 3ஜி சேவை வந்தது. 2007இல் ஐபோன் வெளிவந்து, அதன் பின்னால் மலிவான ஸ்மார்ட் போன்கள் வரிசையாக வந்தன.

நமது வீடுகளில் போன் பாய்க்குப் பக்கத்தில் வந்ததற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. வெளிநாட்டிலிருக்கும் கணவனின், தகப்பனின் குரல் அதில் வரும். முன்பு கடிதம் வந்தது. பிறகு பேசிப் பதிந்த கசெட் வந்தது. அதைக் குடும்பமே சுற்றியிருந்து கேட்டு அழுதது. இப்போது முகம் பார்த்துப் பேசலாம். ஆனால் சவூதிக்கும் கட்டாருக்கும் நமக்கும் இரண்டரை மணித்தியால வித்தியாசம். அங்கே அவர் வேலை முடித்து, சமைத்துச் சாப்பிட்டு, இரவு ஒன்பது மணிக்கு ஓய்வாக இருக்கும்போது இங்கே பதினொன்றரை. அந்த அழைப்புக்காகக் காத்திருக்கும் மனைவியையும் பிள்ளையையும் யாரும் குறை சொல்ல முடியாது. அலாரமும் போனில்தான், டோர்ச்சும் போனில்தான், பாங்கு நேரமும் போனில்தான். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடமும் போனுக்குள் போனது. அன்றுவரை போன் இல்லாத பிள்ளைக்கும் கடன்பட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள் பெற்றோர். படிப்புக்கு வேறு வழி இருக்கவில்லை.

இப்படி ஒவ்வொரு தேவையாக வந்து, கடைசியில் அந்த ஒரு பொருள் விளக்காகவும் வானொலியாகவும் டீவியாகவும் டெக்காகவும் முற்றத்துப் பேச்சாகவும் ஆகிவிட்டது. முன்னைய பொருட்களில் இருந்த ஒன்று மட்டும் இதில் இல்லை. அதுதான் முடிவு.

இது தற்செயலாக நடந்ததில்லை. ஒரு பக்கம் முடிந்ததும் அடுத்த பக்கம் தானாக வந்துகொண்டே இருக்கும் திரையை 2006இல் வடிவமைத்தவர் அசா ரஸ்கின் என்ற அமெரிக்கர். பின்னாளில் அவரே அதற்காக வருத்தம் தெரிவித்தார். ஒரு வீடியோ முடிய அடுத்தது தானாக ஓடும் முறையும் பிறகு எங்கும் வந்தது. 2017இல் நெட்பிளிக்ஸ் நிறுவனத் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், தங்களது போட்டியாளர் மக்களின் தூக்கம்தான் என்ற பொருளில் பகிரங்கமாகவே சொன்னார். நமது பதினான்கு வயதுப் பிள்ளை இரவு பன்னிரண்டு மணிக்குத் தனியாகப் போராடுவது இவர்களோடுதான். தனக்குக் கட்டுப்பாடு இல்லை என்று அந்தப் பிள்ளையை ஏசுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

உடம்புக்குள் இருக்கும் கடிகாரம்

விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்பதையும் சுருக்கமாகப் பார்ப்போம். 1958இல் ஏரன் லேர்னர் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் மாட்டு மூளையின் ஒரு சிறு சுரப்பியிலிருந்து மெலட்டோனின் என்ற ஓமோனைப் பிரித்தெடுத்தார். இருட்டும்போது இது நமது உடலிலும் சுரந்து, இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்கிறது. பலமான வெளிச்சம் மனிதரில் இந்தச் சுரப்பை நிறுத்தும் என்பது 1980இல் நிரூபிக்கப்பட்டது. 2002இல் இன்னொரு விடயம் தெளிவானது. பார்ப்பதற்கான கலங்களுக்கு மேலதிகமாக, பகலா இரவா என்று மூளைக்கு அறிவிக்கும் தனிக் கலங்களும் கண்ணுக்குள் இருக்கின்றன. அவை நீல நிறத்தை ஒட்டிய ஒளிக்கு அதிகமாகத் துலங்குகின்றன. உடற்கடிகாரம் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

லாம்பின் சுடர் மஞ்சளும் சிவப்பும் கலந்தது. இன்றைய வெள்ளை எல்.ஈ.டி. விளக்கும் போன் திரைகளும் அப்படியல்ல. 1990களில் ஜப்பானிய விஞ்ஞானிகள் நீல எல்.ஈ.டி.யை உருவாக்கியதால்தான் வெள்ளை எல்.ஈ.டி. சாத்தியமானது. மின்சாரத்தை மிச்சப்படுத்திய அந்தச் சாதனைக்கு 2014இல் நோபல் பரிசும் கிடைத்தது. அதே நீலம்தான் இரவில் கண்ணுக்குப் பகல் என்று சொல்கிறது.

ஆனால் இதைப் பெரிதுபடுத்தவும் கூடாது. அமெரிக்காவில் 12 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், படுக்கைக்கு முன் நான்கு மணித்தியாலம் பிரகாசமான திரையில் புத்தகம் வாசித்தவர்கள், அச்சுப் புத்தகம் வாசித்தபோது இருந்ததைவிடச் சராசரியாகப் பத்து நிமிடம் பிந்தித் தூங்கினார்கள். காலையில் அவர்களுக்கு மந்தமும் அதிகமாக இருந்தது. வெளிச்சத்தால் மட்டும் வந்த தாமதம் பத்து நிமிடம். நமது பிள்ளைகள் இழப்பதோ இரண்டு, மூன்று மணித்தியாலம். மிச்ச நேரத்தைத் தின்பது முடிவில்லாத உள்ளடக்கம். ஆகவே திரையை மஞ்சளாக்கும் வசதியைப் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். 13 முதல் 18 வயதுவரையான பிள்ளைக்கு 8 முதல் 10 மணித்தியாலத் தூக்கமும், 6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணித்தியாலமும் வேண்டும் என்று தூக்க மருத்துவ நிபுணர்கள் 2016இல் பரிந்துரைத்தார்கள். நமது நாட்டில் சுபஹ் பாங்கு ஐந்து மணியை ஒட்டி. ஒன்பது மணிக்குப் படுத்தால் எட்டு மணித்தியாலம். பன்னிரண்டுக்குப் படுத்தால் ஐந்து. பருவ வயதில் உடற்கடிகாரம் இயல்பாகவே சற்றுப் பிந்துகிறது என்பதால் இந்தப் பிள்ளைகளுக்கு நேரத்தோடு தூக்கம் வருவதே கஷ்டம். அதற்கு மேல் போனும் சேர்ந்தால் சுபஹ் தவறும், அல்லது சுபஹ் தொழுத பிள்ளை கணித பாடத்தில் தூங்கும். சாதாரண தரப் பரீட்சைக்கு ரியூஷன் காசு கட்டும் நாம், அந்தப் பாடம் மூளையில் பதியத் தேவையான தூக்கத்தை இலவசமாகப் பறிகொடுக்கிறோம்.

எல்லா மின்சாதனமும் எதிரியில்லை

2022இல் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம்வரை கரண்ட் நின்ற நாட்களை மறந்திருக்க மாட்டோம். வைபை இல்லை, டீவி இல்லை. அப்போது நாம் நன்றாகத் தூங்கினோமா? இல்லை. ஃபேன் இல்லாமல் வெக்கையில் புரண்டோம், பிள்ளைக்கு நுளம்பு விசிறினோம். ஆகவே அறைக்குள் எதுவும் வேண்டாம் என்பது நமது வாதமில்லை. ஃபேன் தூக்கத்துக்கு உதவுகிறது. நோயாளிக்கு மருத்துவக் கருவி வேண்டும். கைக்குழந்தை உள்ள அறைக்கு மங்கலான விளக்கு வேண்டும். அவை தம் வேலையைச் செய்துவிட்டுச் சும்மா இருக்கின்றன. நம்மை அழைப்பதில்லை. நம்மை அழைக்கும் பொருளுக்கும் நமக்கு உதவும் பொருளுக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும்.

வரலாறு சொல்லித்தரும் வழி

பழைய பொருட்களுக்கு இருந்த இரண்டு விடயங்களைப் போனுக்கும் கொடுக்க வேண்டும். ஓர் இடம், ஒரு முடிவு நேரம்.

இடம் ஹோல். வானொலி இருந்த மேசை இப்போதும் பல வீடுகளில் இருக்கிறது. வீட்டிலுள்ள எல்லாப் போன்களுக்கும் சார்ஜரை அங்கே வையுங்கள். அறைக்குள் இருக்கும் ப்ளக்கில் ஃபேன் மட்டும் போதும். அறைக்குள் டீவியோ ரவுட்டரோ இருந்தால் அதையும் வெளியே எடுங்கள், முடியாவிட்டால் இரவில் ப்ளக்கோடு நிறுத்துங்கள். அலாரத்துக்குச் சந்தையில் மலிவான மணிக்கூடு கிடைக்கிறது.

நேரத்தை ஒவ்வொரு வீடும் தீர்மானிக்கலாம். இஷா ஏழரையை ஒட்டி வருகிறது. சாப்பாடு, படிப்பு எல்லாம் முடிய ஒன்பது மணி என்பது நமது ஊருக்குப் பொருத்தமான எல்லை. நோன்பு காலத்தில் தராவீஹுக்கும் ஸஹருக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். பகலில் சிறு தூக்கம் போடும் ஸுன்னாவும் அப்போது கைகொடுக்கும்.

வெளிநாட்டு அழைப்பை நிறுத்தச் சொல்லவில்லை. இங்கே எட்டு மணி என்றால் சவூதியில் ஐந்தரை. வேலை அனுமதித்தால் அந்த நேரத்தில் பிள்ளைகளோடு பேசச் சொல்லுங்கள். முடியாவிட்டால் வெள்ளிக்கிழமையை வையுங்கள், அங்கே பெரும்பாலானோருக்கு அன்று லீவு, இங்கே மறுநாள் பாடசாலை இல்லை. அவசர அழைப்புப் பயம் இருந்தால் குறிப்பிட்ட இலக்கங்களுக்கு மட்டும் மணி அடிக்கும்படி போனில் செய்யலாம். ஹோலில் மணி அடித்தால் அறைக்குக் கேட்கும்.

மூன்றாவது விடயம் நம் எல்லோருக்கும் பொதுவானது. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு வகுப்பு வட்ஸ்அப் குழுவில் செயலட்டை வந்தால், பிள்ளைக்குப் போன் வேண்டும் என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. பாடசாலை, ரியூஷன் நிலையம், மத்ரஸா, பள்ளிவாசல் நிர்வாகம், விளையாட்டுக் கழகம் என்று எல்லாக் குழுக்களிலும் ஒன்பது மணிக்குப் பின் ஒன்றும் அனுப்புவதில்லை, ஜனாஸா அறிவித்தலும் அவசரமும் மட்டும் விதிவிலக்கு என்று நாம் முடிவெடுத்தால் என்ன? ஊருக்கே ஒரு முடிவு நேரம் இருந்தால், தனியொரு வீட்டுப் பிள்ளை தனக்கு மட்டும் தடை என்று மனம் நோகாது. ஆசிரியர்களாகிய நாங்கள் எங்கள் குழுக்களில் இதைத் தொடங்கத் தயார்.

இதில் பெரியவர்கள் முதலில் போனை வைக்க வேண்டும். அன்று திரியை இறக்கிய உம்மாவும் அதே இருட்டில்தான் படுத்தார். தான் மட்டும் வெளிச்சத்தில் இருந்துகொண்டு பிள்ளைகளைத் தூங்கச் சொல்லவில்லை.

உங்கள் வீதிக்கு எந்த வருடம் கரண்ட் வந்தது, முதலாவது வானொலியும் டீவியும் யார் வீட்டில் இருந்தன, இரவு எத்தனை மணிக்கு ஊர் அடங்கியது என்பதை மூத்தவர்களிடம் கேட்டு எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். அதைப் பிள்ளைகளைக் கொண்டே தொகுப்பிப்போம். ஒன்பது மணி யோசனையை இந்த ஜும்ஆவுக்குப் பிறகு உங்கள் பள்ளிவாசல் நிர்வாகிகளிடமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமும் பேசிப் பாருங்கள்.

வஸ்ஸலாம்.